அரை மணிப் பந்தி

ஒரு தொழிலாளியிடம் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு விட வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொன்னது இவ்வளவுதான். சாப்பாடு என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. நம் ஆட்கள்தான் அந்த அரை மணியைச் சாப்பாட்டு நேரமாக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். இதனால் வேலைக்கு என்ன லாபம், ஆளுக்கு என்ன லாபம், எங்கே இது கூடிவருகிறது, எங்கே வெறும் பேச்சாக நின்றுவிடுகிறது என்று பார்க்கக் கசார்வாடி நல்ல இடம்.

பழைய புனே–மும்பை நெடுஞ்சாலையில், தாபோடிக்கும் பிம்பிரிக்கும் நடுவே இருக்கிறது கசார்வாடி. லோணாவளா லோக்கல் நிற்கும் சின்ன ரயில் நிலையம் ஒன்று உண்டு. 2022 மார்ச்சிலிருந்து மெட்ரோவும் நிற்கிறது. நீராவிக் கருவிகள் செய்யும் ஃபோர்ப்ஸ் மார்ஷல் போன்ற பெரிய நிறுவனத்தின் முகவரியில் இந்த ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. நாசிக் பாட்டா மேம்பாலத்தைத் தாண்டினால் போசரி தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகள் தொடங்கிவிடும். பெரிய ஆலைக்குக் கேன்டீன் இருக்கும், பட்டறைக்கு வீட்டிலிருந்து கட்டிவரும் டப்பாதான். இந்த வட்டாரத்துக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன். மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க ஏற்பட்ட வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. வீட்டில் பிள்ளைகளுக்கு ஞாயிறு, அப்பாவுக்கு வியாழன் என்றால், ஆண்டு முழுவதும் அவர் மதியச் சாப்பாட்டைச் சொந்தக் குடும்பத்தோடு சாப்பிடுவதைவிடப் பட்டறை ஆட்களோடு சாப்பிடுவதே அதிகம்.

எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு மெஷின்களை அணைப்பார்கள். கையெல்லாம் கூலன்ட்டும் கிரீஸும் ஒட்டியிருக்கும். முதலில் காட்டன் வேஸ்ட்டால் துடைப்பார்கள், அப்புறம் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பார்கள். குழாய் ஒன்றுதான் என்றால் எட்டுப் பேரும் கை கழுவி முடிக்கவே அரை மணியில் கால்பங்கு போய்விடும். பிறகு தரையில் பழைய பேப்பர் விரித்து டப்பாக்களைத் திறப்பார்கள். பாக்ரி ரொட்டி, முளைகட்டிய பயற்றில் செய்த மட்கி உசள், இடித்த பச்சை மிளகாய்த் தேச்சா வரும். வெங்காயத்தைக் கத்தியால் நறுக்குவதில்லை, உள்ளங்கையால் ஓங்கிக் குத்தி உடைப்பார்கள். பீகார்க்காரர் டப்பாவில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்து வந்த பையன் மெஸ்ஸில் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைத் திறப்பான். பக்கத்திலுள்ள கட்கியில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்து ஃபிட்டர் ஒருவர் இருந்தால் பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, அந்த நீளத் தண்டுல உள்பக்கம் போரிங் போட்டா வரிவரியா விழுது. ஸ்பீடைக் குறைச்சும் பாத்துட்டேன்.”

“டூலை எவ்வளவு வெளிய நீட்டிக் கட்டியிருக்க?”

“நாலு இஞ்ச் இருக்கும்ணே.”

“உனக்கு வேண்டியது ரெண்டரை. உள்ள தள்ளிக் கட்டு. அவ்வளவு நீட்டுனா அது ஆடத்தான் செய்யும். இந்தா, மோர்மிளகாய் எடுத்துக்க.”

டூலை நீட்டிக் கட்டினால் அதிரும், அதிர்ந்தால் வெட்டும் பரப்பில் வரி விழும் என்பது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் இதைக் கேட்டிருக்க மாட்டான். சூப்பர்வைசரிடம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை கிடைக்கும். சாப்பாட்டு வட்டத்தில் கேட்டால் தெரியாமை குற்றமாகப் படுவதில்லை.

இதை ஊர்ப்பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்துக்காக, நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களோடு கூடவே சுற்றி ஆராய்ந்தார். அவருடைய நூல் 1996இல் வந்தது. நிறுவனம் கொடுத்த கையேட்டை வைத்து மட்டும் அவர்கள் பழுது பார்க்கவில்லை என்று அவர் கண்டார். சேர்ந்து சாப்பிடும்போதும் காபி குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளை வைத்தே பல வேளை பழுதைப் பிடித்தார்கள். ‘அந்த வாடிக்கையாளர் இடத்தில் ஒரு மெஷின் இப்படிப் படுத்தியது, கடைசியில் பார்த்தால் கோளாறு வேறிடத்தில்’ என்ற மாதிரிக் கதைகள். மேலாளர் கண்ணுக்கு அரட்டையாகப் பட்டது உண்மையில் அவர்களின் பயிற்சி வகுப்பு. பிற்பாடு ஜெராக்ஸ் இந்தக் கதைகளையும் குறிப்புகளையும் சேர்த்து வைக்கக் கணினியில் ஓர் ஏற்பாடே செய்தது.

சேர்ந்து உண்பதன் முதல் லாபம் இதுதான் என்பேன். வேலையைப் பற்றிய அறிவு, பதவி வரிசை பார்க்காமல் கைமாறுகிறது. ‘ஒற்றுமை வளரும்’, ‘குடும்ப உணர்வு வரும்’ என்றெல்லாம் மனிதவளத் துறையினர் சொல்வதை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. குடும்ப உணர்வு பற்றி அதிகம் பேசும் நிறுவனங்களில் சம்பள உயர்வு பற்றிய பேச்சு குறைவாக இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள்.

ஆனால் நம் நாட்டில் வட்டமாக உட்கார்வது ஒரு காலத்திலும் தானாக நடந்துவிடவில்லை. இந்தக் கதையில் 1890 முக்கியமான ஆண்டு. கசார்வாடியிலிருந்து சில மைல் தொலைவில், புனே நகரத்துப் பஞ்ச ஹௌத் மிஷனில் அந்த அக்டோபரில் ஒரு கூட்டம் நடந்தது. திலகர், ரானடே உட்பட நகரத்தின் பெரிய மனிதர்கள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பாதிரிமார் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் தொடவில்லை. கோபாள்ராவ் ஜோஷி என்பவர் வந்தவர்களின் பட்டியலைப் ‘புனே வைபவ்’ பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் கணவர் அவர். கிறித்தவர் கைத் தேநீர் குடித்தது சாதி ஆசாரத்துக்கு விரோதம் என்று விஷயம் சங்கராச்சாரியாரின் விசாரணைவரை போயிற்று. ரானடே கடைசியில் பிராயச்சித்தம் செய்துகொள்ள நேர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்கு அந்த விலை.

வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் வேலையிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் மும்பை டப்பாவாலாக்கள் தங்கள் தொழிலின் தொடக்கமாகச் சொல்வதும் அதே 1890தான். மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் ஆட்களைச் சேர்த்து அதை ஒழுங்குபடுத்தினார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. டப்பாவாலாக்களில் பெரும்பாலோர் புனே மாவட்டத்து மாவள், முள்ஷி, கேட் வட்டாரங்களிலிருந்து போனவர்கள். கசார்வாடி வழியாகப் போகும் லோக்கல் ரயில் ஓடுவதே மாவளுக்குள்தான். மும்பைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு சாதிக்காரருக்கும், ஒவ்வொரு சமயத்தாருக்கும் அவரவர் வீட்டில், அவரவர் ஆசாரப்படி சமைத்த சோறு வேண்டியிருந்தது. அந்தத் தேவையால்தான் டப்பா தழைத்தது. அதாவது வெளியார் கைச்சோறு படாமல் தனியே உண்பதற்கு வசதியாகவே டப்பா ஊர் சுற்றியது. அதே டப்பா எட்டுப் பேர் நடுவில் திறந்து கிடக்கிறது என்றால் அதன் வேலையே தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

தமிழ்நாட்டு வாசகருக்குச் சேரன்மாதேவி நினைவுக்கு வரும். வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது 1920களில் காங்கிரஸையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ஆலைகளிலும் இதே கதைதான். பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களைச் சேர்ப்பதில்லை. தறியின் ஓடத்தில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், பிறர் எச்சில் பட்டுவிடும் என்பது காரணம். சம்பளம் கூடுதலாக இருந்த பிரிவும் அதுதான். 1920களின் இறுதியில், வேலைநிறுத்தக் காலத்தில், அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேராகவே கேட்டார். எச்சில் பற்றிய பேச்சு எப்படிக் கூலிப் பேச்சாகவும் ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வெளிநாட்டு ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் நிஃபின் குழு 2015இல் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அங்கே அரசு சாப்பாடு போடுவதில்லை. வீரர்களே காசு போட்டு, முறை வைத்துச் சமைத்துச் சேர்ந்து உண்கிறார்கள். அடிக்கடி சேர்ந்து உண்ணும் குழுக்களுக்கு மேலதிகாரிகள் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். சேர்ந்து உண்ணாத நிலையத்தாரிடம் ஏன் என்று கேட்டபோது அவர்கள் சங்கடப்பட்டார்கள் என்பது எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது. இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். சேர்ந்து உண்பதால் நன்றாக வேலை செய்தார்களா, நன்றாக ஒத்துப்போகிறவர்கள் என்பதால் சேர்ந்து உண்டார்களா என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களில் ஒருவரான பிரையன் வான்சிங்க்கின் வேறு பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்னோர் ஆய்வு 2019இல் வந்தது. கெய்ட்லின் வூலி, அய்லெட் ஃபிஷ்பாக் இருவரும் முன்பின் அறியாதவர்களை எதிரெதிரே உட்கார வைத்து, கூலிப் பேரம் நடத்தும் விளையாட்டைக் கொடுத்தார்கள். அதற்கு முன் சில ஜோடிகள் ஒரே கிண்ணத்திலிருந்து நொறுக்குத்தீனி எடுத்துத் தின்றன, மற்றவை தனித்தனிக் கிண்ணத்தில். ஒரே கிண்ணத்தில் கை வைத்தவர்களே சீக்கிரம் உடன்பாட்டுக்கு வந்தார்கள். எதிராளிக்கும் மிச்சம் வைக்க வேண்டும் என்று கை பார்த்து எடுக்கும் பழக்கம் பேரத்திலும் தொடர்ந்தது என்பது அவர்கள் விளக்கம். ஆய்வுக்கூடத்து விளையாட்டு நிஜத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை ஆகிவிடாது. ஆனாலும் தேச்சாவைத் தொட்டு எடுக்கும் ஐந்தாவது கை, ஆறாவது கைக்கு மிச்சம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் நம்பும்படி இருக்கும்.

இனி ஒரே கேன்டீன் என்ற ஏற்பாட்டைப் பார்க்கலாம். 1983இல் குர்கானில் மாருதி கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, ஜப்பானிய சுஸுகியின் வழக்கப்படி எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்று வைத்தார்கள். அதுவரை இந்திய ஆலைகளில் அதிகாரிக்கு ஒரு சாப்பாட்டு அறை, தொழிலாளிக்கு வேறு அறை என்பது சாதாரண நடைமுறை. மேலாளர் தட்டேந்தி வரிசையில் நிற்பது அன்றைக்குப் பெரிய செய்தி. நிறுவனத்தை நீண்ட காலம் நடத்திய ஆர்.சி. பார்கவா தம் நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2011இல் அடுத்தடுத்து வேலைநிறுத்தம் வந்தது. தனிச் சங்கம் வைக்கும் உரிமை, கான்ட்ராக்ட் தொழிலாளர் பிரச்சினை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். கூடவே தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு குறை, டீ இடைவேளை ஏழு நிமிடமும் சொச்சமும்தான் என்பது. அதற்குள் கழிப்பறைக்கும் போக வேண்டும், டீயும் பலகாரமும் வாங்க வேண்டும், லைனுக்கும் திரும்ப வேண்டும். மதியத்துக்கு அரை மணி கிடைத்தாலும் கேன்டீனுக்கு நடந்து போய், வரிசையில் நின்று, சாப்பிட்டுத் திரும்ப அது பற்றவில்லை என்றார்கள். 2012 ஜூலை 18 அன்று அந்த ஆலையில் வன்முறை வெடித்து, மனிதவளப் பிரிவின் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். டீ இடைவேளையால் இது நடந்தது என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கேன்டீன் பொதுவாக இருந்தும் கடிகாரம் தொழிலாளியை விரட்டினால், அங்கே நடப்பது சேர்ந்து உண்பதல்ல, ஒரே கூரையின் கீழ் அவசரமாக விழுங்குவது. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

ஆகவே நிறுவனம் நடத்துகிறவர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது நிமிடத்தை. அரை மணியில் கை கழுவ எவ்வளவு, நடக்க எவ்வளவு, வரிசையில் நிற்க எவ்வளவு என்று ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். உட்கார்ந்து வாயில் வைக்கப் பதினைந்து நிமிடம் மிஞ்சவில்லை என்றால் மற்றப் பேச்செல்லாம் வீண். பட்டறையில் இன்னொரு குழாய் வைப்பது, கேன்டீனில் இன்னொரு பரிமாறும் ஜன்னல் திறப்பது என்று சின்ன வேலைகள்தாம் இதற்கு மருந்து. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விட முடியாத இடங்கள் உண்டு. வெப்பப் பதப்படுத்தும் உலையைப் பன்னிரண்டரைக்கு அணைத்து ஒன்றுக்கு மூட்ட முடியாது. அங்கே ஒருவர் காவல் இருக்க வேண்டும். அந்த ஒருவர் தினமும் ஒரே ஆளாக, அதுவும் புதிதாகச் சேர்ந்த ஆளாக இல்லாமல் முறை மாறட்டும். பெரிய ஆலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நேரம் ஒதுக்குகிறார்கள். கூட்டம் குறையும் என்பது உண்மை. ஆனால் தரக்கட்டுப்பாட்டு ஆளும் மெஷின் ஆபரேட்டரும் ஆண்டுக் கணக்கில் ஒரே மேசையில் உட்காராமலே போவார்கள். அவர்களுக்குள் நடக்கும் பேச்செல்லாம் ‘ரிஜெக்ட்’ சீட்டு வழியாகத்தான் நடக்கும்.

முதலாளி வட்டத்தில் உட்காரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எப்போதாவது உட்காரலாம். தினமும் வந்து உட்கார்ந்தால் அது சாப்பாடாக இராது, இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும். அங்கே கேட்ட ஒரு சொல்லை மறுநாள் ஆபீஸ் அறையில் யார் மேலாவது பிரயோகித்தால், அதோடு அந்த வட்டத்தில் பேச்சு செத்தது. புனேயின் ஹிஞ்சவாடி ஐ.டி. கம்பெனிகளில் மதியம் ஒரு மணிக்கு மீட்டிங் போட்டு, பெட்டிச் சாப்பாடு தருவித்து, ‘லஞ்ச்சும் ஆச்சு, வேலையும் ஆச்சு’ என்று கணக்குக் காட்டுவதும் இதே வகை. இரண்டும் ஆவதில்லை.

வேலை செய்யும் இடத்திலேயே உண்பதைப் பற்றிச் சட்டத்துக்கு ஒரு கருத்து உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, சாப்பாட்டு அறை இருக்கும் ஆலையில் வேலைக்கூடத்துக்குள் யாரும் உண்ணக் கூடாது என்றது. ஈயத்தூள், கட்டிங் ஆயில், ரசாயனம் இவற்றுக்கு நடுவே சோற்றைப் பிசையக் கூடாது என்பதே நோக்கம். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்திலும் இதே தடை உண்டு. அங்கே அலுவலக மேசைக்கும் அது பொருந்தும். கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், கூட்டம் சேராமல் இருக்க அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. சுகாதாரத்துக்காக வந்த சட்டம் அந்த நாட்டவரை நூறாண்டுக்கு மேலாகக் கணினி, கோப்பு, மெஷின் எல்லாவற்றையும் விட்டு எழுந்து போக வைத்திருக்கிறது. நல்ல பழக்கம் நல்லெண்ணத்தால்தான் வர வேண்டும் என்பதில்லை.

தட்டில் என்ன இருக்கிறது என்ற விஷயத்துக்கு வந்தால் பேச்சு சூடாகிவிடும். 2014 ஏப்ரலில் சென்னையில் தி இந்து நாளிதழின் நிர்வாகம், அலுவலகக் கேன்டீனுக்கு அசைவம் கொண்டுவரக் கூடாது என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு விட்டது. சைவ உணவுக்காரர்களுக்கு அசௌகரியம் என்பது காரணம். ஊரெல்லாம் விவாதம் நடந்தது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் மாணவர் உணவுக்கூடத்தில் ஆறு மேசைகளைச் சைவத்துக்கு என்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே அசைவம் சாப்பிட்ட மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். கருவாட்டு வாசம் எல்லோருக்கும் பிடிக்காது என்பது உண்மைதான். பக்கத்து ஆள் ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டால் தீர்ந்துபோகிற காரியம் அது. அதை நிர்வாகம் எழுத்தில் அறிவிப்பாகப் போடும்போது, யார் சோறு அசிங்கம் என்று தீர்ப்பு எழுதினதாக ஆகிவிடுகிறது. கசார்வாடிப் பட்டறைகளில் இதை ஆட்களே சத்தமில்லாமல் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். மீன் கொண்டுவந்தவர் தம் டப்பாவை ஓரமாக வைத்துக்கொள்கிறார், வேண்டியவர் அங்கே போய் எடுத்துக்கொள்கிறார். எல்லாப் பட்டறையிலும் இவ்வளவு சுமுகம் என்று சொல்ல மாட்டேன்.

விரத நாட்கள் வேறு. மகாராஷ்டிரத்தில் சங்கஷ்டி சதுர்த்தி, ஏகாதசி என்று மாதத்தில் சில நாளாவது வட்டத்தில் யாராவது ஒருவர் விரதம் இருப்பார். அவர் டப்பாவில் நெய்யும் வேர்க்கடலைப் பொடியும் மணக்கும் ஜவ்வரிசிக் கிச்சடி இருக்கும். விரதம் இல்லாத ஏழு பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் டப்பாவை அவர் பக்கம் தள்ள முடியாமல் சிரிப்பார்கள். ஏகாதசியன்று இரட்டிப்பாகத் தின்பான் என்று மராட்டியில் ஒரு கிண்டல் பழமொழியே உண்டு. ரம்ஜான் மாதத்தில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார். அவரை வட்டத்துக்கு இழுப்பது அன்பு ஆகாது. சிலருக்கு அந்த அரை மணிதான் நாளில் தனியாகக் கிடைக்கும் ஒரே பொழுது. வீட்டுக்கு போன் பேசுவார், மூலையில் துண்டை விரித்துப் படுப்பார். 55ஆம் பிரிவு கொடுத்தது ஓய்வு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செலவழிப்பது என்பது அவர் விருப்பம். சேர்ந்து உண்பதை விதியாக்கினால் அது இன்னொரு வருகைப் பதிவேடு.

டப்பாவைக் கட்டுகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்குக் காலை ஐந்துக்கு எழுந்து பாக்ரி தட்டுகிறவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் தாய். அந்தப் பெண்ணும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இரண்டு டப்பா. பட்டறை வட்டத்தின் தோழமை அவர் தூக்கத்தில் கைவைத்துத்தான் நடக்கிறது. நல்ல கேன்டீன் இருந்தால் முதலில் இளைப்பாறுவது ஆலைக்குள் இல்லாத அவர்தான். கேன்டீன் என்றால் தொழிலாளிக்குச் சலுகை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

அதே சமயம் கேன்டீன் சோறு கெட்டால் எல்லோருக்கும் ஒன்றாகக் கெடும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஐபோன் செய்யும் ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. மணிநேரத்துக்கு இத்தனை போன் என்று கணக்கிடும் ஓர் ஆலையைச் சமையலறை நிறுத்திவிட்டது. சாப்பாட்டின் மேல் தொழிலாளிக்கு எவ்வளவு பற்று என்பதற்கு வேடிக்கையான உதாரணமும் உண்டு. கசார்வாடிக்கு வடக்கே சாக்கணில் ஆலை அமைத்த ஃபோக்ஸ்வாகன், ஜெர்மனியில் தன் சொந்தக் கேன்டீனுக்கு 1973 முதல் தானே சாசேஜ் தயாரிக்கிறது. அதற்கு உதிரிபாக எண்கூட உண்டு. 2021இல் தலைமையகக் கேன்டீன் ஒன்றில் அதை நிறுத்தியபோது முன்னாள் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரே கண்டித்து எழுதினார். இரண்டாண்டில் சாசேஜ் திரும்பி வந்தது.

கடைசியாக, சட்டத்தில் யாருக்கு என்ன இருக்கிறது. பழைய 1948 சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கும்படி மாநில அரசு விதிக்கலாம் என்றிருந்தது. 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் வேண்டியிருந்தது. கேன்டீனை நிர்வகிக்க ஒரு குழுவும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. இப்படிச் சட்டக் கட்டாயத்தால் நடக்கும் ரயில்வே கேன்டீன்களில் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் ரயில்வே ஊழியர்களே என்று 1990இல் எம்.எம்.ஆர். கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த எண்களை இறக்கியிருக்கிறது. கேன்டீனுக்கு நூறு பேர், சாப்பாட்டு அறைக்கு ஐம்பதுக்கு மேல். ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான எண்ணிக்கை பத்திலிருந்து இருபதாக ஏறிவிட்டது. எட்டுப் பேர் பட்டறை அன்றும் வெளியே, இன்றும் வெளியே. பதினைந்து பேர் பட்டறையும் இப்போது வெளியே.

பெரிய ஆலைத் தொழிலாளி கவனிக்க வேண்டிய வரி இன்னொன்று இருக்கிறது. அந்த நூறு பேர் கணக்கில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் சேர்த்தி. நிரந்தர ஆட்கள் அறுபது, கான்ட்ராக்ட் ஆட்கள் நாற்பது என்றாலும் கேன்டீன் வைத்தாக வேண்டும். நடைமுறையில் பல ஆலைகளில் கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு டோக்கன், வேறு விலை, சில இடங்களில் வேறு நேரம். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிற இருவர் பன்னிரண்டரைக்கு வேறு வேறு வரிசைக்குப் பிரிகிறார்கள். டோக்கன் விலை கேன்டீன் நடத்துகிறவரோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் எது, கேன்டீன் குழுவில் கான்ட்ராக்ட் ஆட்கள் தரப்பில் உட்காருகிறவர் யார் என்று சங்கத்துக்காரர்கள் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.